பெரிய மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரல்

“இன்னிக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, போயிட்டு அப்புறம் வா.”

காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்டதும், வாசலுக்கு வந்த விற்பனைக்காரரிடம் சொல்வதுபோல் என் பக்கத்துக் கடைக்காரர் திரையிடம் இதைச் சொல்வார். மூலையில் ‘புதிய இயங்குதளம் தயார்; இப்போதே புதுப்பிக்கவா?’ என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்திருக்கும். அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல், மூளையிடம் அனுமதி கேட்காமலேயே ‘பிறகு’ என்பதைத் தட்டிவிடும். கண் அப்போது தேநீரில் இருக்கும்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவர் தொழில். அதற்கான மென்பொருள், வீட்டு உபயோகத்துக்கென்று அட்டைப்பெட்டியில் வந்தது. எந்தெந்த இயங்குதளத்தில் ஓடும் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை மனப்பாடமாகச் சொல்வார். அதற்குப் பிறகு எத்தனையோ இயங்குதளங்கள் பிறந்து, வளர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டன. அவர் கணினி மட்டும் நகரவில்லை. “ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சார். ஒண்ணு மாறிச்சுன்னா இன்னொண்ணு கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிடும்.” மணமக்கள் ஓர் இதயத்துக்குள் சுழன்று வந்து ரோஜா இதழ்களாக உதிரும் காட்சி அந்த மென்பொருளில் மட்டும்தான் உண்டாம். அந்த இதயத்துக்காகவே அவர் முன்னேற்றத்தைப் பகைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வீட்டில் அவருக்கு ‘வீடியோ மாப்பிள்ளை’ என்று பெயர். அந்தப் பட்டத்துக்கு ஆபத்து சகலை வடிவில் வந்தது. மனைவியின் தங்கையைக் கட்டியவர். நாற்காலி விற்கும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். தகடுபோல ஒரு மடிக்கணினி வாங்கி, இணையத்திலிருந்து ஏதோ மென்பொருளை இறக்கி, மாமியார் பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ செய்துவிட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சின்னவர்தான் வீடியோ மாப்பிள்ளை. இவர் ‘பெரிய மாப்பிள்ளை’ ஆக்கப்பட்டார். சிலருக்குப் பதவி உயர்வு என்றாலே வேலை போயிற்று என்றுதான் பொருள்.

வயிறு எரிகிறது என்பார்கள். அடுத்த கடையில் இருக்கும் எனக்கு வாடையே வந்தது. “நாற்காலிக்குக் கணக்கு எழுதுறவன் சார்! நான் போயி நாற்காலி பண்ணேனா?”

அந்தப் பிறந்தநாள் வீடியோவைக் கடையில் திரும்பத் திரும்பப் போட்டுக் குற்றம் தேடுவார். “ஒரு ஹார்ட்டு உண்டா? ஒரு ரோஜா உண்டா? இதெல்லாம் ஒரு வீடியோவா?” சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டார். “நல்லா இருக்குன்னு சொல்லக் கூச்சமா இருந்தா வாயை மூடிக்கிட்டுப் பாருங்க. எதுக்கு இந்த முணுமுணுப்பு?”

அவருக்கு ஒரே ஆறுதல், அப்டேட் செய்துவிட்டு அழுகிறவர்கள் இணையத்தில் எழுதும் புலம்பல்கள். அவற்றைத் துணுக்குபோல ரசித்துப் படிப்பார். சகலையின் மென்பொருள் புத்தம்புது இயங்குதளத்தில் திறக்கவே திறக்காது, சரிசெய்யச் சில மாதம் ஆகும் என்ற செய்தி வந்தபோது, இனிப்பு கொடுக்காத குறையாக எனக்கு வாசித்துக் காட்டினார்.

மச்சினன் கல்யாணம் முடிந்தது. வரமுடியாத உறவினர்கள் ஞாயிறு மாலை மாமனார் வீட்டில் கூடி வீடியோ பார்ப்பதாக ஏற்பாடு. படம் பிடித்தது சகலை. வெட்டி ஒட்டுவதும் சகலை. “நீங்க பெரிய மாப்பிள்ளை. உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்? முன்னாடி சோபாவுல உக்காந்து பாருங்க, போதும்” என்று மாமனார் மரியாதையாகக் கழற்றிவிட்டார்.

ஞாயிறு காலை “உதவிக்கு” என்று கிளம்பியவர், சாட்சிக்கு என்னையும் இழுத்துப்போனார்.

மாமனார் வீட்டுப் படுக்கையறையில் கண்ணாடி மேஜைமேல் மடிக்கணினி. சகலை எழுந்து நின்றார். “வாங்கண்ணே! நல்ல நேரத்துல வந்தீங்க. இது என்னமோ புது சிஸ்டம் போட்டுக்கோங்குது. வேகமா ஓடுமாம். வீடியோ முக்காவாசி முடிஞ்சுது. போட்டுரலாமா?”

அவர் செய்த அத்தனை இதயங்களுக்குள்ளும் அப்படி ஒளிர்ந்த முகத்தை நான் பார்த்ததில்லை. “தாராளமா போடலாம் தம்பி. புதுசுன்னா புதுசுதானே!”

“அப்ப உங்க கையாலயே அமுக்குங்கண்ணே. நீங்கதான் அனுபவஸ்தர்.”

“பெரிய மாப்பிள்ளைக்கு நாற்காலி போடுங்கப்பா” என்றபடி மாமியார் தேநீரோடு வந்தார். நாற்காலி என்ற சொல் எங்கே தைத்ததோ, உட்கார்ந்தவரின் தாடை இறுகியது. திரையில் ‘இப்போதே’, ‘பிறகு’ இரண்டும் காத்திருந்தன. விரல் இறங்கும் நொடியில் மாமியார் கோப்பையை நீட்டினார். அவர் கண் தேநீருக்குப் போயிற்று.

“இன்னிக்கு ஒண்ணும் வேணாம்ப்பா, போயிட்டு அப்புறம் வா” என்றது வாய். ‘பிறகு’ என்பதைத் தட்டியிருந்தது விரல். பெட்டி மறைந்தது. மாமியார் திகைத்துப்போய்த் தேநீரைத் திருப்பி எடுத்துப்போனார்.

“அதுவும் சரிதாண்ணே. முதல்ல வேலை முடியட்டும். நல்லவேளை நீங்க இருந்தீங்க” என்று சகலை வேலையில் குனிந்தார்.

அவர் ஆள்காட்டி விரலை முகத்துக்கு நேரே தூக்கி, கட்சி மாறியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இடக்கையால் அதன்மேல் ஓங்கி ஓர் அறை.

“கொசுவாண்ணே?”

அவர் வலக்கையைத் தொடைக்கடியில் செருகி, அதன்மேல் கனமாக உட்கார்ந்துகொண்டார்.