மூடி போடாத தூக்குவாளி

மின்வாரிய கவுண்டரில் எப்பேர்ப்பட்ட சண்டைக்காரனையும் ஒரே பார்வையில் வரிசைக்கு அனுப்பிவிடுவாள் வடிவாம்பாள். ஆனால் தன் நாய் கிட்டுவோடு நடக்கும்போது எதிரே இன்னொரு நாய் வந்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. கயிற்றைச் சுண்டி இழுப்பாள். உடனே கிட்டு குரைத்து ஊரைக் கூட்டும்.

பக்கத்துத் தெரு ரஷ்மியும் பப்பு என்று ஒரு நாய் வளர்க்கிறாள். ஒருநாள் அவள் சொன்னாள்: "எக்கா, கிட்டுவுக்கு ஒண்ணும் இல்ல. ஒங்களுக்க கைதான் பயப்படுது. பால் வாங்கிட்டு வரும்போ தூக்குவாளிய பிடிச்ச கையிலயே கயிறையும் பிடிங்க. வாளிக்கு மூடி போடாண்டாம்."

மறுநாள் பப்புவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் சுண்டினாள். பாதிப் பால் ரோட்டில். அன்றிலிருந்து பாலை நினைத்தே கையை ஆட்டாமல் நடந்தாள். கிட்டுவும் மெல்ல மெல்லக் குரைப்பதை விட்டது.

இன்று காலை ரஷ்மியோடு பேசிக்கொண்டே இரண்டு தெரு சுற்றினாள். பப்புவும் கிட்டுவும் உரசிக்கொண்டு முன்னால் நடந்தன. எதிரே வந்த தெருநாயை மோந்து பார்த்துவிட்டு கிட்டு பேசாமல் நகர்ந்தது. வீட்டில் கணவர் தாணுமாலயன் தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாலு எங்க?"

பால் சொசைட்டிக்கே போகாமல், வெறும் வாளியோடுதான் கையை ஆட்டாமல் நடந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் வடிவாம்பாளுக்கு உறைத்தது.

"இன்னைக்குப் பால் இல்லாம கட்டஞ்சாயா குடியுங்க" என்றாள், ரொம்பப் பெருமையாக.