சாயங்கால விமானத்தில் ஓர் இடம்

பயணிகள் விட்டுப்போன பனிச்சேற்றைக் குன்வோர்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். விமானம் வரவேண்டிய முந்தைய ஊரில் புயல். சாயங்கால விமானம் ரத்து என்று அறிவித்ததும் முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஸ்கார்வோயா தீவின் விமான நிலையத்தில் பெட்டி எடை போடுவதும், இறக்கையில் உறைந்த பனியை உருக்குவதும், சனிக்கிழமை வாஃபிள் சுடுவதும் அவளும் ஜார்லேயும்தான். தொலைபேசி மட்டும் அவள் பொறுப்பு.

தீக்கு 110, போலீசுக்கு 112, ஆம்புலன்சுக்கு 113. தீவில் நடை பழகும் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் யாரும் அந்த எண்களைச் சுற்றுவதில்லை. முன்பின் தெரியாதவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விமான நிலையக் கவுண்டருக்குத்தான் அடிப்பார்கள். புகைபோக்கியில் நெருப்புப் பிடித்த அன்றைக்கும், "குன்வோர், வேலையா இருக்கியா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஒருத்தி விஷயத்துக்கே வந்தாள். இருபது வருஷமாகத் திட்டிப் பார்த்தாயிற்று.

அன்று அழைத்தது அவள் தம்பி ஒட்மார். துறைமுகத்தருகே தனியாக இருப்பவன்.

"அக்கா, சாயங்கால விமானத்துல ட்ரோம்சோவுக்கு ஒரு இடம் கிடைக்குமா?"

குன்வோர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். ஒட்மார் கடைசியாக விமானம் ஏறியது ராணுவப் பயிற்சிக்குப் போனபோது. இறங்கியதும் இனி ஏறமாட்டேன் என்று தரையைத் தொட்டுச் சத்தியம் செய்தவன்.

"உனக்கெதுக்குடா ட்ரோம்சோ?"

"சும்மாதான். பெரிய ஆஸ்பத்திரியில ஒரு எட்டுக் காட்டிட்டு வரலாம்னு."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. காலைல வலை இழுத்ததுலேருந்து நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி. இடது கை மரத்துக் கிடக்கு. வேர்வை வேற."

"113-ஐக் கூப்பிட்டியா?"

"இதுக்கா? எத்தனை பேர் வேலையைப் போட்டுட்டு ஓடி வரணும்! அந்த ஆம்புலன்ஸ் விமானம் ஏதாவது பச்சைக் குழந்தைக்குத் தேவைப்படும். நான் சீட்டு வாங்கிட்டே போறேன். நீ அவங்களைக் கூப்பிட்டே, கதவைப் பூட்டிக்குவேன், ஆமா."

செய்வான். அவர்கள் அப்பாவும் இப்படித்தான், யாரையும் தொந்தரவு செய்யாமல் செத்துப்போனார்.

"இடம் இருக்கு," என்றாள் குன்வோர். "ஜன்னலோரம் வேணுமா?"

"வேண்டாம், தலை சுத்தும்."

"சரி, கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காரு. கூட்டிட்டு வர வண்டி வரும். அதுவரைக்கும் போனை வெக்காதே, பேரு விலாசமெல்லாம் எழுதணும்."

"என் விலாசம் உனக்குத் தெரியாதா?"

"சட்டம்டா. மெதுவாச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, இன்னொரு கையில் இருந்த கைபேசியில் 113-ஐ அழுத்தினாள். மறுமுனைச் செவிலி கேட்டதை அப்படியே தம்பியிடம் கேட்டாள். வலி தாடைக்கு ஏறுதா? மூச்சு வாங்குதா? ஆஸ்பிரின் இருக்கா?

"ஒரு சீட்டுக்கு இத்தனை கேள்வியா! மாட்டை ஏத்தினாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க."

"மாடு பதில் சொல்லும், உன்னை மாதிரி வம்பு பண்ணாது. மாத்திரையை மென்னு முழுங்கு."

ஆம்புலன்ஸ் விமானம் கிளம்பிவிட்டது என்றாள் செவிலி. ஓடுபாதை தயாரா?

தயாரில்லை. ரத்து என்றதுமே பனி தள்ளுவதை நிறுத்தியிருந்தார்கள். முழங்கால் அளவு கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஒட்மாரின் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்ட பிறகே தொலைபேசியை வைத்தாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த ஜார்லே நிமிர்ந்து பார்த்தான்.

"முடியாதுக்கா, பனி தள்ளுற வண்டி ஒண்ணு போதாது."

"ரெண்டு இருக்கில்ல?"

"ரெண்டாவதை யார் ஓட்டுறது?"

அவள் ஏற்கெனவே காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

சூரியனே எழாத துருவக் குளிர்காலம், பட்டப்பகலிலேயே இருட்டு. ஜார்லே முன்னால், அவள் அவன் தள்ளியதை ஓரத்துக்கு ஒதுக்கியபடி பின்னால். திரும்பும்போதெல்லாம் பார்த்தால் முதலில் தள்ளிய இடம் மறுபடி வெளுத்திருக்கும். "வா பாத்துக்கலாம்!" என்று கண்ணாடிக்குப் பின்னால் கத்தினாள். பனியிடமா, தம்பியிடமா, அவளுக்கே தெரியாது. கடைசி முனையில் கறுப்புத் தார் தெரிந்தபோது, மேகத்துக்குள் இரண்டு விளக்குகள் எரிந்தன. சக்கரங்கள் தார்மீது உட்கார்ந்த சத்தத்தில் அவள் ஸ்டீயரிங்கைக் குத்தினாள். ஜார்லே ஒலிப்பானை விடாமல் அடித்தான்.

படுக்கையில் வைத்துத் தூக்கியபோது ஒட்மார் தலையைத் தூக்கிப் பார்த்தான். "இது என் விமானம் இல்லையே!"

"இடம் மாத்திக் கொடுத்திருக்கு. காலை நீட்டிப் படுத்துட்டே போ."

விமானம் பனியைப் பீய்ச்சிக்கொண்டு மேலேறியது. அது மறையும்வரை நின்றுவிட்டு, உள்ளே போய் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தாள். அடைத்துக்கொண்ட இதயக் குழாய்க்குள் வலைக்கம்பி வைத்துத் திறந்துவிட்டார்கள், பிழைத்தான் என்று செய்தி வந்தபோது, ஜார்லே கிழமை பார்க்காமல் வாஃபிள் மாவைக் கரைத்தான்.

வெயில் தலைகாட்டத் தொடங்கிய ஒரு நாள், சாதாரண விமானத்திலேயே ஒட்மார் வந்திறங்கினான். கொஞ்சம் இளைத்திருந்தான். வரவேற்க வந்தவர்களெல்லாம் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிளைத் தின்று, அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். அவன் மட்டும் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றான்.

"அக்கா, ஜார்லே சொன்னான். அன்னைக்குச் சாயங்கால விமானமே ரத்தாமே?"

குன்வோர் கையுறையைத் தேடினாள்.

"பெத்த தாய் மேல ஆணையாச் சொல்லு. இல்லாத விமானத்துக்கு எப்படி இடம் இருக்குன்னே?"

வெளியே விமானி இறக்கையைக் காட்டிக் கையசைத்தார். குன்வோர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, ஒரு வாஃபிளைத் தம்பியின் கையில் திணித்து, கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கினாள்.