மழைக்காலத்துக்கு ஒரு ரப்பர்

சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, தினமும் ஒரு மணி நேரம் வியர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு நாற்பத்தாறு வயது. நடக்கப் போனால் எதிரே வருகிற எல்லாரும் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சா என்று கேட்பார்கள். அதனால் கல்லூரியில் ஆடிய டேபிள் டென்னிஸுக்கே திரும்பினேன். எங்கள் சர்ச்சின் சபை மண்டபத்தில் ஒரு மேசை உண்டு. மண்டபத்துக்கும் கடலுக்கும் நடுவில் பத்துத் தென்னை மரங்கள்தான்.

ஏப்ரலும் மேயும் என் கொடி பறந்தது. பந்தை அடியில் அறுத்து சர்வீஸ் போட்டால் அது எதிராளியின் பேட்டில் பட்டதும் நேராக வலைக்குள் போய் விழும். ஜூனில் மழை பிடித்தது. சுவர் வியர்த்தது, மேசை வியர்த்தது, பந்து சோப்புப் போட்டது மாதிரி என் பேட்டில் ஒட்டியிருந்த ரப்பரில் வழுக்கியது. அறுத்தால் அறுபடவில்லை. குவைத்தில் இருபது வருடம் நர்சாக இருந்துவிட்டு வந்த ஓர் அக்கா, பதினொன்றுக்கு இரண்டு என்று என்னை அனுப்பி வைத்தார்.

“ரப்பர் சரியில்ல அக்கா” என்றேன்.

“இருக்கும் மக்கா” என்றார். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு வாரம் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரர், ஒட்டும் ரப்பர் எந்தப் பந்தையும் வழுக்க விடாது என்றார். ஸ்வெட்டர் போட்டவருக்குப் புழுக்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குத் தோன்றாமல் போனது. வரவழைத்துவிட்டேன்.

பார்சல் வந்த அன்று என் தம்பி வீட்டில் இருந்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறவன். உள்ளங்கை அகலச் சிவப்பு ரப்பரை வாங்கி இழுத்தான், மோந்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“இது எங்கேருந்து வந்தது?”

“சீனாவுலருந்து.”

“எனக்க தோட்டத்துல மரம் மரமா ஒழுகுது. நீ சீனாக்காரன்கிட்ட வாங்குதியா?” என்றான். வெகுநேரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் வேறு சபைக்கு மாறிவிட்டது போல அவனுக்கு வருத்தம்.

புது ரப்பர் நன்றாகத்தான் ஒட்டியது. ஆனால் எது ஒட்ட வேண்டும் என்ற விவரம் அதற்கு இல்லை. தூசி ஒட்டியது, என் தலைமுடி ஒட்டியது. ஒரு சாயங்காலம் மழை விட்டதும் டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் கிளம்பியது. ஆட்டத்தின் நடுவே நர்ஸ் அக்கா கையைத் தூக்கி நிறுத்தினார்.

“மக்கா, ஒனக்க பேட்டுல ரெண்டு சீவன் துடிக்குது.”

இரண்டு இல்லை, ஐந்து. ஈரத் துணியால் துடைத்தேன். அதோடு ஒட்டலும் போய்ப் பழையபடி வழுக்கத் தொடங்கியது.

சபையின் ஆண்டுப் போட்டிக்கு நான்கு நாள் இருந்தது. தம்பியிடம் போனில் புலம்பினேன். மறுநாளே வந்து நின்றான்.

“ஈரந்தானே பிரச்சன? எங்கிட்ட தா. ஒணக்கித் தாரேன்.”

வெயில் கண்ட நேரத்தில் காயவைப்பான் என்று நினைத்துப் பேட்டைக் கொடுத்தேன். அவன் அதைத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற புகைக்கூட்டில், பாலை உறையவைத்துச் செய்த ஷீட்டுகளுக்கு நடுவே, இரண்டு நாள் தொங்கவிட்டிருக்கிறான். திரும்பி வந்தபோது சிவப்பு கருப்பட்டி நிறமாகியிருந்தது. விரலால் தொட்டால் பழைய செருப்பைத் தொட்டது போலிருந்தது.

“முதல் தரம் ஷீட்டாக்கும் இப்பம்” என்றான் பெருமையாக. எனக்கு அழுகை வந்தது. வேறு பேட் இல்லை.

போட்டியில் என் முதல் எதிராளி நர்ஸ் அக்காதான். வெளியே மழை. மானம் போகாமல் தோற்றால் போதும் என்று பேட்டைச் சும்மா நீட்டினேன். அப்போதுதான் அதிசயம் நடந்தது. அவர் எவ்வளவு ஓங்கி அடித்தாலும், என் பேட்டில் பட்ட பந்து களைத்துப்போய் வலைக்கு அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. அவர் ஓடி வந்து எடுப்பதற்குள் இரண்டாம் முறை குதித்துவிடும். முதல் இரண்டு கேம் எனக்கு. தம்பி பெஞ்சில் ஏறி நின்றான். போதகர் அவனை இறங்கச் சொன்னார்.

மூன்றாவது கேமில் அக்கா அடிப்பதை நிறுத்தினார். அவரும் பந்தைத் தட்டித் தட்டி வைத்தார். சும்மா நீட்டத் தெரிந்த எனக்கு, மெதுவாக வரும் பந்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஐந்து கேமில் மிச்ச மூன்றும் போயின.

கை குலுக்கியதும் அக்கா என் பேட்டை வாங்கி முகர்ந்தார். “கருவாடு போல மணக்குதே” என்றார். தம்பி புகைக்கூட்டைப் பற்றிச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு தன் பேட்டை என்னிடம் நீட்டினார். வழவழப்பே இல்லை. பலாக்காய்த் தோல் போல முழுக்கக் குட்டை முள்.

“குவைத்துல ஏசி ஹாலு. அங்க நானும் ஒன்ன மாதிரி சுழட்டித்தான் ஆடுனேன். இங்க வந்த மொத மழையிலேயே விட்டுட்டேன். ஈரத்துல சுழட்டுனா வழுக்கும். முள்ளு வச்சு நேரா அடி. ஒவ்வொரு பாயிண்டுக்கும் பந்தத் துண்டால தொடச்சுக்க.”

“இத ஜூன் மாசமே சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீ ரப்பரு சரியில்லன்னு சொன்ன. நான் இருக்கும்னு சொன்னேன். நீ அதுக்கு மேல கேக்கலியே.”

இப்போது என்னிடமும் குட்டை முள் ரப்பர்தான். இடுப்பில் ஒரு துண்டும் உண்டு. சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். போன மழையில் அக்காவிடம் பதினொன்றுக்கு எட்டு வரை வந்தேன். ரப்பரைக் குறை சொல்ல வழியில்லாமல் தோற்பது, முன்னைவிடக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.