அப்பா தலையில குதிச்ச இக்வானா

எங்க ஊரு ஆளுங்களுக்கு பல்லி மேல இருக்குற பயம் வேற எந்த ஊர்க்காரனுக்கும் வராது. மத்த ஊர்ல மேல பல்லி வுழுந்தா குளிச்சிட்டு வேலையப் பாக்கப் போய்டுவானுங்க. காஞ்சிபுரத்துல அப்டி வுட முடியாது, ஏன்னா அதுக்கு பரிகாரமே எங்க ஊர்லதான் இருக்குது. பெருமாள் கோயில்ல கூரையில தங்கத்துல ஒரு பல்லி, வெள்ளியில ஒரு பல்லி. படி ஏறி நின்னு கைய மேல தூக்கி ரெண்டையும் தொட்டுட்டா, எந்தப் பல்லி எங்க வுழுந்த தோஷமா இருந்தாலும் காலி. எங்கெங்கயோ இருந்து பஸ் புடிச்சி வந்து தொட்டுட்டுப் போறாங்க. அப்போ பல்லி எவ்ளோ டேஞ்சரா இருக்கணும்னு நாலாவது படிக்கிற புள்ள கணக்கு போடுமா போடாதா? நான் போட்டேன்.

கிளாஸ்ல என் பக்கத்துல ஒக்காந்த பொண்ணு வேற இதுல எக்ஸ்பர்ட்டு. அவ வீடு கோயிலுக்குப் பக்கத்துலயே. பல்லி கையில வுழுந்தா இது, கால்ல வுழுந்தா அதுன்னு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பா. தலையில வுழுந்தா இன்னா ஆவும்னு ஒரு நாள் கேட்டேன். கழுத்துக்கிட்ட வெரல வெச்சி ஒரு இழு இழுத்துக் காட்னா.

எங்கப்பா வேன் ஓட்டுறாரு. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் ஆளுங்கள ஏத்தி எறக்குறதுதான் வேல. காஞ்சிபுரத்துல அவருக்குத் தெரியாத சந்து கெடையாது. பயம்னா இன்னான்னே தெரியாத ஆளுன்னு நான் ஸ்கூல்ல செம பில்டப் குடுத்து வெச்சிருந்தேன், அது பொய்யும் இல்ல. தெருவுல எவன் வீட்லயாவது பாம்பு பூந்தா அப்பாவுக்குத்தான் போன் வரும். சாப்ட்டுக்கினு இருந்தாருன்னா சாப்ட்டு முடிச்சி கைய கழுவிட்டுதான் கெளம்புவாரு.

அந்த வருசம் லீவுல மாமா, அதாவது அம்மாவோட தம்பி, போன்ல ஒரு வீடியோ காட்டி எங்க எல்லாரையும் கெளப்பி வுட்டாரு. மெட்ராஸ் பக்கம் ஈசிஆர் ரோட்டுல ஒரு எடம். ஜூ மாதிரிதான், ஆனா கம்பி கெடையாது. பறவை, பாம்பு எல்லாத்தையும் நம்ம கையிலயே குடுத்துடுவாங்க, தூக்கி வெச்சிக்கினு போட்டோ எடுத்துக்கலாம். ஞாயித்துக்கெழம அப்பா ஓனர்கிட்ட சொல்லிட்டு அதே கம்பெனி வேன எடுத்தாரு. அம்மா புளிசாதம் கட்டி எடுத்துக்கினு, கல்யாணத்துக்கு போற மாதிரி ரெண்டு கையிலயும் வளையல் அடுக்கிக்கினு வந்துச்சி.

உள்ள பூந்ததுல இருந்தே எனக்கு சரியாப் படல. ஜூன்னா புலிக்கும் நமக்கும் நடுவுல ஒரு பள்ளமாவது இருக்கணும். இங்க கதவத் தொறந்த ஒடனே பச்சையும் மஞ்சளுமா ஒரு கூட்டம் கிளி வந்து தோள் மேல, தலை மேல ஒக்காந்துக்கிச்சி. கையில சூரியகாந்தி வெதைய வெச்சிருந்தேன், அதுதான் தப்பு. கிளி நகம் இவ்ளோ கூரா இருக்கும்னு புக்குல எவனும் போடல. நான் ஆடாம நின்னுக்கினு இருந்தேன், மூச்சு கூட வுடல. மாமா மட்டும் சிரிச்சிக்கினே வீடியோ எடுத்தாரு. அப்பறம் மீன் தொட்டியில அவரு கால வுட்டாரு பாருங்க, கால மீன் கொத்துனதும் கத்துன கத்துல ஒரு கைக்குழந்தை எழுந்து அழுதுச்சி. எனக்கு அப்போதான் கொஞ்சம் உசுரு வந்துது.

அப்பா ஒரு வெளிநாட்டு மலைப்பாம்ப கழுத்துல போட்டுக்கினாரு. அது மெதுவா அவரு தாடைய சுத்திக்கினு வருது, இவரு பாட்டுக்கு அங்க வேல செய்ற அண்ணன்கிட்ட, “இது கோழி திங்குமா, முட்ட திங்குமாபா”ன்னு விசாரிச்சிக்கினு இருக்காரு. அந்த அண்ணனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சி.

அடுத்த ரூம்லதான் இக்வானா. பச்சக் கலரு, முதுகு நெடுக சீப்பு வெச்ச மாதிரி முள்ளு, வால் மட்டும் என் கை நீளம். அந்த அண்ணன் அத கையில ஏந்திக்கினு எல்லார்கிட்டயும் ஒரே டயலாக்க சொல்லிக்கினு வந்தாரு. “தொடுங்க, ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாருங்க.” மத்த குடும்பமெல்லாம் ஒரு வெரல வெச்சிட்டு ஈன்னு போட்டோக்கு நின்னுச்சிங்க. எங்கம்மா காஞ்சிபுரமாச்சே. இவ்ளோ பெரிய பல்லி உசுரோட நேர்ல வந்து நிக்கிது, சும்மா வுடுமா? செருப்ப கழட்டி ஓரமா வெச்சிது. ரெண்டு கையாலயும் தொட்டு கண்ணுல ஒத்திக்கிச்சி.

அந்த அண்ணன் மெரண்டுட்டாரு. “அக்கா, இது சாமி இல்லக்கா.”

“நீ சும்மா இருபா, எங்க ஊர்ல சாமிதான்.”

சொல்லிட்டு படபடன்னு கன்னத்துல போட்டுக்கிச்சி. ரெண்டு கை வளையலும் ஒண்ணா குலுங்குச்சி. அந்த சத்தத்துக்கு இக்வானா ஒரு துள்ளு துள்ளி, பக்கத்துல எது ஒசரமா இருக்குதோ அதுல தாவி ஏறிச்சி. அங்க ஒசரமா இருந்தது எங்கப்பா தல.

எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாவும் சிரிச்சாரு, நெத்தியில நகம் பட்டு கோடு கோடா செவந்துடுச்சி, அப்பவும் சிரிச்சாரு. நான் அம்மாவப் பாத்தேன். அம்மா சிரிக்கல. கன்னத்துல வெச்ச கை அப்டியே நின்னுடுச்சி. அம்மா மூஞ்சப் பாத்த அப்பறம் எனக்கு வேற யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. எங்கப்பா செத்துடப் போறாரு.

வெளிய மரத்தடியில புளிசாதம் தின்னும்போது இதே பஞ்சாயத்துதான். மாமா சொன்னாரு, “அக்கா, அது பல்லியே இல்ல, ஃபாரின் ஐட்டம். நம்ம ஊர் ரூலு அதுக்கு செல்லாது. மச்சான் நீ சாப்புடு.” அம்மா சோத்தப் பெசஞ்சிக்கினே, “வெரல் நீளம் இருக்குற பல்லிக்கே அப்டின்னா, இவ்ளோ பெருசுக்கு இன்னா சொல்றது”ன்னு மெதுவா கேட்டுச்சி. எனக்கு அது ரொம்ப நியாயமான கேள்வியா பட்டுச்சி. சோத்த அப்டியே மூடி வெச்சிட்டேன்.

திரும்பி வரும்போது நான் டிரைவர் சீட்டுக்குப் பின்னாடியே ஒக்காந்துக்கினு எதுக்க வர்ற ஒவ்வொரு லாரியையும் மொறச்சிக்கினு வந்தேன். இதுவா இருக்குமா, அதுவா இருக்குமான்னு. வாலாஜாபாத் தாண்டுனதும் அம்மா கேட்டுச்சி, “ஏங்க, போற வழியில கோயிலுக்கு போய் தொட்டுட்டு போய்டலாமா?” அப்பா கண்ணாடியில கூட அம்மாவப் பாக்கல. “தலைக்குத் தண்ணி ஊத்திக்கினா போதும்”னாரு. எனக்கு அம்மா மேலதான் கோவம். ஒரு பால் பாக்கெட்டுக்கே கடைக்காரன்கிட்ட அவ்ளோ சண்ட போடுற ஆளு, உசுரு மேட்டர்ல இப்டி கம்முனு ஆனா எப்டி?

அப்பறம் நான் கோயிலுக்கு கூப்புட கூப்புட அப்பாகிட்ட தெனமும் ஒரு சாக்கு. கூட்டமா இருக்கும். வண்டி நிறுத்த எடம் இருக்காது. சாய்ங்காலம் ஷிப்ட் இருக்குது. எங்க வீட்ல யாருமே அந்தக் கோயிலுக்குள்ள போனது இல்லன்னு அப்போதான் எனக்கு ஒறைக்குது. கருட சேவைக்கு சாமி வெளிய வரும்போது மெயின் ரோட்டுல ஓரமா நின்னு பாப்போம், அதோட சரி. நான் மட்டும் ஸ்கூல்ல கூட்டிக்கினு போனப்போ போயி பல்லிய தொட்டிருக்கேன்.

அதுல ஒரு ஐடியா வந்துச்சி. தங்கப் பல்லிய தொட்டவங்க கால தொட்டாலே தோஷம் போய்டும்னு ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அப்பா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு மத்தியானம் கைய விரிச்சிப் போட்டு தூங்கிக்கினு இருந்தாரு. நான் மெதுவா போயி என் கால அவரு உள்ளங்கையில வெச்சேன். முழிச்சிட்டாரு. “இன்னா பாப்பா, அப்பன எட்டி ஒதைக்கிற”ன்னாரு. ஸ்கூல் தொறந்த ஒடனே எக்ஸ்பர்ட்டுகிட்ட கேட்டேன். ஆளு தானா தொடணும், நாமளா கால வெச்சா செல்லாதுன்னுட்டா. அன்னிக்கு சாய்ங்காலமே எனக்கு ஜொரம்.

ரெண்டு மூணு நாளாச்சி, ஊசி போட்டும் எறங்கல. அப்பா டூட்டிக்கு கெளம்பும்போதெல்லாம் வேன் சாவிய வாங்கி தலகாணி அடியில வெச்சிக்கினு தர மாட்டேன்னு அழுவேன். ஒரு நாள் பக்கத்துல ஒக்காந்து, இன்னாதான்மா பிரச்சனன்னு கேட்டாரு. “நீ செத்துடுவப்பா”ன்னு சொல்லிட்டேன். அம்மா வாசப்படியில நின்னுக்கினு கேட்டுக்கினுதான் இருந்துச்சி. அப்பா ரொம்ப நேரம் என் நெத்தியில கைய வெச்சிக்கினே இருந்தாரு. அப்பறம் எழுந்து குளிக்கப் போனாரு.

கல்யாணத்துக்கு மட்டும் போடுற வெள்ள சட்டைய எடுத்து போட்டாரு. தலைய ரெண்டு வாட்டி சீவுனாரு. அம்மா அவரு காலர நீவி வுட்டுச்சி. வேன கோயில் வாசல்ல நிறுத்தாம எங்கயோ தள்ளி நிறுத்திட்டு என்ன நடக்க வெச்சே கூட்டிக்கினு போனாரு. கோபுரத்துக்கிட்ட வந்ததும் நின்னுட்டாரு. என் கைய புடிச்சிருந்த அவரு கை ஜில்லுன்னு ஈரமா இருந்துச்சி. மலைப்பாம்ப கழுத்துல போட்டுக்கினு கத பேசுன மனுசன். தோஷம் வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சி, இந்தப் படியிலயே வுழுந்துடப் போறாருன்னு நெனச்சேன்.

இப்போ தெரியும், நான் காலேஜ் படிக்கும்போது அம்மா சொல்லிச்சி. எங்க தாத்தா, அப்பாவோட அப்பா, வேற ஒரு கிராமத்துல அடுத்தவன் நெலத்துல கூலி வேல செஞ்சவரு. அங்க எங்காளுங்க கோயிலுக்குள்ள போக முடியாது, தெரு முனையில நின்னு கும்புட்டுட்டு வந்துடணும். அப்பா சின்னப் பையனா இருக்கும்போது பந்து எடுக்க அந்த ஊர்க் கோயில் படியத் தாண்டி உள்ள ஓடிட்டாரு. அதுக்கு தாத்தா ஊர் முன்னாடி துண்ட இடுப்புல கட்டிக்கினு மன்னிப்பு கேட்டு நிக்க வேண்டியதா போச்சி. அப்பா அதப் பாத்துக்கினு நின்னாரு. காலம் மாறி, ஊர் மாறி எவ்ளோவோ வருசம் ஆயிடுச்சி. எந்தக் கோயில் படியப் பாத்தாலும் அவரு கால் மட்டும் மாறல.

அன்னிக்கு இதுல எதுவும் எனக்குத் தெரியாது. நான் பாட்டுக்கு அவர புடிச்சி இழுக்குறேன். பின்னாடி இருந்து யாரோ சத்தமா கூப்ட்டாங்க. அப்பா அப்டியே வெறச்சிப் போயி, என்னையும் இழுத்துக்கினு ரெண்டு அடி பின்னால வந்துட்டாரு. தோள் குறுகிடுச்சி. திரும்பிப் பாத்தா ஆந்திராவுல இருந்து வந்த ஒரு குடும்பம். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கினே, “பாபு, பங்காரு பல்லி எக்கட?”ன்னு கேக்குறாங்க. தங்கப் பல்லி எங்கன்னு கேக்குறாங்கன்னு எனக்கே புரிஞ்சிது. அப்பா என்னப் பாத்தாரு. காஞ்சிபுரத்துல அவருக்குத் தெரியாத ஒரே வழி அதுதான். நான் கைய காட்டிட்டு முன்ன நடந்தேன். எனக்குப் பின்னாடி அப்பா, அப்பாவுக்குப் பின்னாடி அந்த ஆந்திரா குடும்பம்.

பல்லி பாக்குற டிக்கெட்ட நான்தான் வாங்கி கையில வெச்சிருந்தேன். படி ஏறுற எடத்துல கோயில் ஆளு ஒருத்தரு செல்போனப் பாத்துக்கினு ஒக்காந்திருந்தாரு. எல்லாரும் சர்ருன்னு ஏறி தொட்டுட்டு எறங்குறாங்க. அப்பா மேல ஏறி, கைய பாதி தூக்கிட்டு, அவரப் பாத்து கேட்டாரு, “சார், தொடலாங்களா?”

அவரு தல கூட தூக்கல. “தொடத்தானபா வந்த, தொட்டுட்டு நகரு, பின்னாடி ஆளு நிக்கிது.”

அப்பா தொட்டாரு. எல்லாரும் மாதிரி டக்குன்னு கைய எடுக்கல. தங்கப் பல்லி மேல உள்ளங்கைய முழுசா வெச்சி அழுத்திக்கினு நின்னாரு. வரிசையில முணுமுணுத்தாங்க. நான் கீழ இருந்து சட்டைய புடிச்சி இழுத்தேன், பொழச்சிட்டப்பா எறங்குப்பான்னு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொம்புல தண்ணி குடுத்துச்சி. அவரு பாதி குடிச்சிட்டு அம்மாவப் பாத்து, “யாரும் ஒண்ணும் கேக்கலமா”ன்னாரு. அம்மா மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிச்சி. ஜொரம் எறங்கி வேர்த்துக்கினே படுத்திருந்த எனக்கு அது சுத்தமா வெளங்கல. டிக்கெட்டு என் கையில இருந்துச்சி. கேட்டா என்னத்தான கேக்கணும், அவர எதுக்கு கேப்பாங்க?