இருபத்துமூன்று நிமிடம்

ஒச்சப்பனின் அப்பா மட்டாஞ்சேரியில் குப்பை வண்டி தள்ளியவர். மகன் ரயில் பாதைக்கு மேலே மின்கம்பி இழுப்பவன். ஒப்பந்த வேலைதான், பத்து வருடம் ஆகிவிட்டது. கடைசி மூன்று வருடம் மலைப்பாதையில் வேலை. அதுவரை மின்சார இன்ஜின் அடிவாரத்து ஸ்டேஷனோடு நின்றுவிடும். அதைக் கழற்றி டீசல் இன்ஜின் மாட்டுவார்கள். கம்பி மலையைத் தாண்டியதும் இன்ஜின் மாற்றும் வேலை இல்லாமல் போயிற்று.

"ஒச்சப்பன் சேட்டா, இருபத்திமூணு மினிட்டு லாபமாக்கும்!" என்று மேஸ்திரி ஷாஜி எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான்.

அதை ஒச்சப்பன் ஊரெல்லாம் சொன்னான். யூதர் தெருவான ஜூ டவுனில் சுக்கு மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னான். மீன் விற்கும் சுமாவிடம் சொன்னான். "அந்த நேரத்த வச்சு சேட்டன் எந்த மலையப் புரட்டப் போறே?" என்று அவள் கேட்டதற்கும் சிரித்தான். ராக்கம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை.

ராக்கம்மாள் அவன் அக்கா. அந்த அடிவாரத்தில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறாள். பங்குனிப் பொங்கலுக்கு ஒச்சப்பன் மனைவி மாயம்மாளோடு ராஜபாளையம் போகும்போதெல்லாம், இன்ஜின் மாற்றும் நேரத்தில் கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவருவாள். ரயில் வந்து ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவளுடைய பஸ் வரும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் புது இன்ஜின் வந்து இடிக்கும். வீட்டுக்கு வரச்சொல்லி அவள் கூப்பிடுவதும், லீவு இல்லை என்று அவன் சொல்வதும் அதற்குள் முடிந்துவிடும். மாயம்மாளைக் கட்டிய பதினோரு வருடத்தில் அவன் அவள் வீட்டுப் படியை மிதித்ததில்லை.

இந்த முறை போனில், "எப்பவும் போலதானே?" என்று கேட்டாள்.

"எப்பவும் போலத்தான்க்கா."

வாய் தானாகச் சொன்னது. போனை வைத்த பிறகுதான், இப்போது இன்ஜின் மாற்றுவதில்லை என்று ஞாபகம் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டான். சொன்னால், அப்ப இறங்கி வீட்டுக்கு வா என்பாள். மறுநாளும் சொல்லவில்லை.

அடிவாரத்து ஸ்டேஷனுக்கு முந்தைய ரயில்வே கேட்டில் அக்காவின் பஸ் நின்றுகொண்டிருந்தது. ரயில் மெதுவாகக் கடந்தது. ரயில் வாசலில் நின்ற ஒச்சப்பன், பஸ் ஜன்னலில் அவளைப் பார்த்தான். மடியில் தூக்குவாளி. அவனைக் கண்டதும் கையை ஆட்டினாள். அவசரமே இல்லாத கை.

ஸ்டேஷனில் நிறுத்தம் இரண்டு நிமிடம். ஒச்சப்பன் இறங்கினான். போன் அடித்தது.

"ஏலேய், கேட்டு தொறந்தாச்சு. இந்தா வந்துட்டேன். மாயாகிட்ட சொல்லு, இன்னைக்கு நெய்மீனு. முள்ளு எடுக்குற வேலையில்ல."

"அக்கா, வண்டி..."

"மொதல்ல இன்ஜினக் கழட்டட்டும்ல, உனக்கென்ன அவசரம்?"

விசில் ஊதியது. பெட்டிக்குள்ளிருந்து மாயம்மாள், "ஏறுங்க! மதினிகிட்ட சொன்னீங்களா, இல்லையா?" என்றாள்.

"சரிக்கா," என்று போனில் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டான்.

அவன் இழுத்த கம்பிக்குக் கீழே ரயில் குலுங்காமல் வேகமெடுத்தது. போன் மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது.

ராஜபாளையத்தில் சீக்கிரமே இறங்கினார்கள். கூட்டிப்போக வேண்டிய மச்சினன் அருண்பாண்டி வந்திருக்கவில்லை. அவனும் பழைய நேரத்துக்குத்தான் கிளம்புவான். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பசித்தது.

"மதினிக்குத் திரும்பிப்போக எத்தன மணிக்குப் பஸ்ஸு?" என்று மாயம்மாள் கேட்டாள்.

அவனுக்குத் தெரியவில்லை.