ஒன்பதாவது ஜன்னல்

அப்போது நான் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு சிறிய அலுவலகத்தில் கட்டட வரைபடங்கள் வரைந்துகொண்டிருந்தேன். நகரின் மேற்கு ஓரத்து வெஸ்ட்கேட்டில் மகளோடு வசித்த செக் நாட்டு முதியவர் ஒருவர், தன் ஊர் மாளிகையின் முகப்பை வரைந்து தரச் சொல்லி வந்தார். அவருடைய அப்பா அங்கே தோட்டக்காரராம். மாடிகளின் அறையமைப்பைக் காட்டும் பழைய தரைப்படம் ஒன்றும் சில கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் கொண்டுவந்திருந்தார்.

கோதுமை வயல்களுக்கு நடுவே, பரோக் என்ற பழைய ஆடம்பரப் பாணியில் நின்ற மாளிகை அது. காவற்கோட்டை ஒன்று எரிந்தபின், அதே அத்திவாரத்தின் மேல் ஒரு பிரபு கட்டியது. வளைந்த முகப்பு, இரு பக்கமும் ஏறும் படிக்கட்டு, வானம் தீட்டிய உட்கூரை. போருக்குப் பிறகு அரசாங்கம் அதை எடுத்துத் தானியம் கொட்டி வைத்ததாம்.

புகைப்படங்களில் மேல்மாடிக்கு ஒன்பது ஜன்னல்கள். தரைப்படத்தில் எட்டுத்தான். முதியவரைத் தொலைபேசியில் கேட்டேன்.

"ஒன்பதாவது பொய் ஜன்னல். திரைச்சீலையோடு சுவரில் தீட்டியது," என்றார். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டுமென்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்வார்களாம்.

அலுவலகத்தில் படங்களை ஸ்கேன் செய்த மலேசியத் தமிழ்த் தோழி என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, இதுல திரை பாதி தொறந்திருக்கு. அதுல மூடியிருக்கு."

"பிறகு ஆரும் திரையை மாத்தித் திருப்பிக் கீறியிருப்பினம்."

"அப்போ இந்த வெடிப்பு?"

அந்த ஜன்னலுக்குக் குறுக்கே ஓடிய சுவர் வெடிப்பு, இரண்டு படத்திலும் இம்மியும் மாறாமல் இருந்தது. புதுப் பூச்சு பட்ட அடையாளமே இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் படங்களை வெஸ்ட்கேட்டுக்குக் கொண்டுபோய், திரை மாறியிருப்பதைக் காட்டினேன். அவர் இரண்டையும் பின்புறம் திருப்பினார். அப்பாவின் கையெழுத்தில் தேதிகள். இரண்டுக்கும் ஒரு வாரந்தான் இடைவெளி.

"திரை அசைகிறது என்று என் தங்கை சொன்னாள்," என்றார் மெதுவாக. "ஏழு வயது. பொய் சொல்கிறாள் என்று அப்பா அடித்தார். நானும் சிரித்தேன்."

தங்கை இன்னும் அதே ஊரில் இருந்தாள். அங்கே விடியும்வரை காத்திருந்து அழைத்தார். தம் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மறுமுனையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இவர் பதில் சொன்னார்.

"என்ன கேட்டார்?" என்றேன் ஆங்கிலத்தில்.

"நீ அன்று சொன்னது பொய்யில்லை என்றேன். பிந்திய படத்தில் திரை மூடியிருக்கிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லது என்றாள்."

திரையை மூடியே வரையச் சொன்னார். அப்படியே வரைந்து கொடுத்தேன்.