சுருக்கமாச் சொல்லுடா

சுருக்கம் என்றால் வெட்டிக் குறைப்பது என்று வகுப்பில் பிள்ளைகள் எழுதுகிறார்கள். படித்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். காரைக்காலில் தமிழ் டீச்சராக இருந்துகொண்டு இதைக்கூடத் திருத்தாவிட்டால் எப்படி? சுருங்குவது தானாக நடப்பது, சுருக்குவது நாம் செய்வது. அதிலிருந்து வந்ததுதான் சுருக்கம். வெட்டினால் பாதி கீழே விழுந்துவிடும். மீன் விற்கப் போகும் அம்மாவின் இடுப்பில் இருக்கிற சுருக்குப் பையைப் பாருங்கள். கயிற்றை இழுத்தால் வாய்தான் சின்னதாகும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

இதெல்லாம் என் தம்பியிடம் செல்லாது. பட்டினச்சேரியிலிருந்து படகில் மீன்பிடிக்கப் போகிறவன். என்ன மீன் பட்டது என்று கேட்டால் வலை வாங்கிய கதையிலிருந்து ஆரம்பிப்பான். "சுருக்கமாச் சொல்லித் தொலைடா!" என்று நான் கத்தாத நாளில்லை.

ஓர் ஐப்பசி மத்தியானம் திடீரென்று காற்று திரும்பிவிட்டது. அவன் படகும் இன்னும் சில படகுகளும் கரைக்கு வரவில்லை. படகுக்காரர் வீட்டு வயர்லெஸ் முன்னால் கூடி நின்றோம். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எல்லாப் படகுக்கும் ஒரே சேனல். அதனால் ஒரு மூச்சில் பேசி முடித்து அடுத்த படகுக்கு வழிவிட வேண்டும், அழுகை, விசாரிப்பு எதுவும் கூடாது என்பது அங்கே வழக்கம்.

வயர்லெஸ் கரகரத்தது. தம்பி குரல்.

"எல்லாரும் நல்லா இருக்கோம். இஞ்சின் ஓடுது. வந்துக்கிட்டு இருக்கோம். அம்மாட்ட சொல்லிருங்க. ஓவர்."

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது. என் தம்பியா இப்படிப் பேசினான்!

"என்னப் பெத்த ராசா..." என்று அம்மா மைக்கைப் பிடித்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தாள். அவள் புருஷன் போன படகு இன்னும் பேசவில்லை. அம்மா மைக்கை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் படகும் பேசியது. அதற்கப்புறம்தான் அம்மா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாயங்காலம் தம்பி நனைந்த கோழியாக வந்து நின்றான்.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"காத்து திரும்புச்சு, வந்துட்டோம்க்கா. அவ்வளவுதான்."

"அடி வாங்குவ. உக்காருடா. காலையில கெளம்புனதுலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லு."

அவன் டீசல் போட்டதிலிருந்து ஆரம்பித்தான். சோறு ஆறிப்போயிற்று. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.